டெர்மினலுக்கு வைத்த பொட்டு

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்போமே, அந்த ஒரு பதிலை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடியது. சொல்வது நான் இல்லை. நான் பார்த்துக்கொண்ட டெர்மினல்கள் சொல்லும். அவை சொல்லாமல் போனால் நான் ஓடுவேன். ஓடுவது என்றால் நிஜமாகவே ஓடுவது. தொப்பை முன்னால் போகும், நான் பின்னால் போவேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி அது. இரண்டு ஷெட். இரண்டாம் ஷெட்டில் எட்டு பிரஸ் மெஷின்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டெர்மினல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு சின்னப் பெட்டி, உள்ளங்கை அளவுத் திரை, நாலைந்து பட்டன், கீழே பஸ் கண்டக்டர் கையிலிருக்கும் மெஷினைப் போலச் சீட்டுத் துப்புகிற ஒரு வாய். எந்தத் தகட்டை எத்தனை அடிக்க வேண்டும் என்கிற ஆர்டர், தலைமை அலுவலகத்திலுள்ள பெரிய கம்ப்யூட்டரிலிருந்து அந்தத் திரையில் வந்து இறங்கும். அடித்து முடித்ததும் வாய் ஒரு சீட்டைத் துப்பும். அதை எடுத்து மரப்பெட்டியில் ஒட்டி அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பெரிய கம்ப்யூட்டர் பார்க்க எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதற்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்தவன் நான். பள்ளிக்கூட வாத்தியாராவது காலையில் ஒரு தடவை பெயர் கூப்பிட்டுவிட்டு ஓய்வார். இது நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றாம் நம்பர், இருக்கிறாயா, எப்படி இருக்கிறாய்? இரண்டாம் நம்பர், நீ? எட்டு வரைக்கும் போய், மூச்சு விடாமல் மறுபடியும் ஒன்று. கேட்கப்பட்ட டெர்மினல் தன் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தயாராக இருக்கிறேன். வேலையாக இருக்கிறேன். பேப்பர் தீர்ந்துவிட்டது. சீட்டு வாயிலேயே நிற்கிறது, யாரும் எடுக்கவில்லை. கேட்டால்தான் சொல்லும், தானாக வாயைத் திறக்காது. மூன்று தடவை கேட்டும் பதில் இல்லையென்றால் அது செத்ததாகக் கணக்கு. ஹெட்மாஸ்டர் அதற்குச் சிவப்பு அடித்துவிடுவார். "தயார்" என்று சொல்கிற டெர்மினலுக்குத்தான் ஆர்டர் இறங்கும். மற்றதெல்லாம் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டியதுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டெர்மினல் தன்னைப் பற்றி மட்டும்தான் சொல்லும். பக்கத்தில் பிரஸ் ஓட்டுகிறவருக்குக் காய்ச்சலா, அவர் வீட்டில் என்ன சண்டை, அதெல்லாம் அதற்குத் தெரியாது. ஹெட்மாஸ்டர் கேட்பதும் இல்லை.

என் வீட்டிலும் ஒரு ஹெட்மாஸ்டர் உண்டு, என் மனைவி. கவரைப்பேட்டையில் இருந்துகொண்டு தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் போன் செய்வாள்.

"இன்னாய்யா?"

"வேல."

"சாப்ட்டியா?"

"ஆச்சி."

"சரி, வை."

இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இந்த வழக்கம் வந்ததற்குக் காரணம் காக்களூர். கல்யாணமான புதிதில் அங்கே ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். ஒரு நாள் காலையில் போனால் கேட்டில் பூட்டு. வீட்டுக்குத் திரும்பாமல் திருவள்ளூர் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தேன். மறுநாளும் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். ஒரு நாய் என்னோடு சிநேகமாகி, டிபன் பாக்ஸ் காலியானதும் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடும். யார் மூலமாகவோ விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது அவள் திட்டவில்லை. "பூட்டுனது உன் தப்பில்ல. கேட்டா சொல்லணும், அவ்ளோதான்" என்றாள். மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். இத்தனை வருடத்தில் ஒரு மதியம் கூடத் தவறியதில்லை.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முன்னால் போர்மேன் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். சின்னவர் பெரியவர் வித்தியாசம் இல்லாமல் யாராக இருந்தாலும் அவருக்கு நைனாதான்.

"நைனா, கேட்டுக்குங்க. புது மாடல் பார்ட்டு ஒண்ணு வருது. பூசை முடிஞ்சி ஷெட்டு தொறந்த ஒடனே அந்த ஆர்டரு நம்மளுக்கு எறங்குனா தப்பிச்சோம். எறங்கலன்னா ரெண்டாம் ஷெட்ட மூடிருவாங்க. மேல இருந்து சொல்லிட்டாங்க."

"மூடிட்டு?" என்றாள் மூன்றாம் பிரஸ் ஓட்டுகிறவள்.

"மூடிட்டு இன்னா, மாடு கட்டுவாங்க" என்றேன் நான். "நம்மள வுட மாடு நல்லா பதில் சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. டெர்மினல் பார்க்கிற ஆளை, அதுவும் இந்தப் பழைய ரகத்து டெர்மினல் பார்க்கிற ஆளை, எவன் எடுப்பான்? பயந்தால் எனக்கு வாயில் ஜோக்கு வரும். மற்றவர்களுக்கு வியர்வை வருவதைப் போல. எனக்கு வியர்வையும் வரும், அது வேறு.

மூன்றாம் பிரஸ்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடச் சின்னவள், அண்ணா என்று கூப்பிடுவாள். அவள் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். மெஷின் முன்னால் நின்றது அந்தக் குடும்பத்தில் இவள்தான் முதல். பிரஸ்ஸை அவள் எதற்கும் பயந்து பார்த்ததில்லை. "இது அடிச்சா சொல்லிட்டுதான் அடிக்கும்ணா. மனுசன்தான் சொல்லாம அடிப்பான்" என்பாள்.

பூசையன்று ஷெட்டைக் கழுவி, பிரஸ்ஸுக்கெல்லாம் மாலை போட்டு, வாழைக்கன்று கட்டியாயிற்று. டெர்மினல்களை மட்டும் ஒவ்வொரு வருடமும் நான் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்துவிடுவேன், தண்ணீருக்குப் பயந்து. அந்த வருடம் அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து உறையைத் தூக்கினாள்.

"இதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? வருஷம் பூரா இதுங்களும்தான ஒழைக்குது."

"தண்ணி பட்டா பூடும்மா."

"தண்ணிய யாரு ஊத்துனா? பொட்டு வைக்கிறேன்."

போர்மேன் சூடத் தட்டோடு திரும்பிப் பார்த்தார். "வைக்கட்டும் நைனா. இந்த வருசம் ஒரு சாமியையும் பகைச்சிக்க வேணாம்."

திரைக்குக் கீழே, வாய்க்கு மேலே, மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. பொட்டு வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் எந்த முகத்திலும் இருக்க முடியாது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக் கட்டைவிரலால் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். நான் வாய் நிறையச் சுண்டலோடு, "நடூல வைம்மா, கோணிகினு இருந்தா நல்லா இருக்காது" என்று தொழில்நுட்ப ஆலோசனை வழங்கினேன். எட்டும் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டன. மெயினை அணைத்துவிட்டு, பொரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

விடுமுறை முடிந்து ஷெட்டைத் திறந்த காலை, எட்டு பேரும் அவரவர் பிரஸ் பக்கத்தில் நின்றார்கள். நான் மெயினைப் போட்டேன். எட்டுத் திரையும் எரிந்தன. எட்டிலும் ஒரே வாசகம்: சீட்டை எடுக்கவும்.

வாயில் சீட்டு எதுவும் இல்லை.

ஒன்று இப்படிச் சொன்னால் கோளாறு. எட்டும் ஒரே நேரத்தில் சொன்னால்? சீட்டை எடுக்காதவரை அது அடுத்த ஆர்டரை வாங்காது. ஹெட்மாஸ்டர் கேட்கக் கேட்க எட்டும் ஒரே குரலில், "சீட்டு வாயில் நிற்கிறது ஐயா, சீட்டு வாயில் நிற்கிறது ஐயா" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தன.

நான் என்னென்ன செய்தேன் என்பதைச் சொன்னால் என் பிள்ளைகள் என்னை மதிக்க மாட்டார்கள். எல்லா மூடியையும் திறந்து, உள்ளே விரலை விட்டுத் துழாவி, வாயால் ஊதினேன். காகிதச் சுருளை மாற்றினேன். ஒன்றாம் நம்பரின் சுருளை எட்டுக்கும் எட்டாம் நம்பரின் சுருளை ஒன்றுக்கும் மாற்றினேன். எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏணி போட்டு மேலே ஏறி, கூரையோரம் போகிற கேபிளைத் தடவிக்கொண்டே ஷெட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனேன். எலி கடித்திருக்கிறதா என்று பார்த்தேன். எலியே இல்லை. கீழே இருந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே இருந்தபடியே பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், எட்டும் சரியானால் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறேன் என்று. வேண்டிய பிறகுதான் என் இடுப்புச் சுற்றளவு ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு மரத்தையே மொட்டை அடிக்க வேண்டியிருக்கும்.

"நைனா, பேஜாரா கீதே" என்றார் போர்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டு. "ஆர்டரு வந்து வாசல்ல நிக்கிது. நம்ம கதவு தொறக்கலன்னா அடுத்தூட்டுக்குப் பூடும்."

அந்த வார்த்தை என்னைக் கிறுக்காக்கிவிட்டது. வாசலில் ஆர்டர் நிற்கிறது, கதவு திறக்கவில்லை, கதவுக்குச் சாவி என்னிடம். கீழே இறங்கித் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கே டெர்மினல்களைப் பார்ப்பதற்கென்று ஒரு பெண் உண்டு. முகம் பார்த்ததில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"உங்க ஷெட்ல எட்டுமே சீட்டு எடுக்கலைன்னு சொல்லுதுங்க சார். எடுத்துட்டீங்கன்னா சரியாப் போயிருமுங்க."

"வாயில ஒண்ணும் இல்லம்மா. கைய வுட்டே பாத்துட்டேன்."

"இருக்குதுன்னுதானுங்க அது சொல்லுது."

"அது சொல்றத நம்புவியா, நான் சொல்றத நம்புவியா?"

அந்தப் பெண் நிஜமாகவே யோசித்தாள். பிறகு மெதுவாக, "எனக்கு அது சொல்றது மட்டுந்தானுங்க சார் தெரியும்" என்றாள்.

மதியம் வந்தது. வீட்டுப் போனும் வந்தது. "இன்னாய்யா?" "வேல." அது பொய் இல்லை. அவ்வளவு வேலை நான் வாழ்நாளில் செய்ததில்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மூன்றாம் நம்பர் டெர்மினலின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கேபிள் சரி, கரண்ட் சரி, பேப்பர் சரி, நான் மட்டும் சரியில்லை. காக்களூர் கேட்டில் தொங்கிய பூட்டு கண்ணுக்கு முன்னால் ஆடியது. உடம்பெல்லாம் வியர்த்து ஊற்ற, நெற்றியை அந்தப் பெட்டியின் முகத்தின் மேல் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். அழுதேனா என்று கேட்டால், வியர்வை என்று சொல்வேன்.

தலையைத் தூக்கியதும் "டிங்" என்று ஒரு சத்தம். திரையில்: தயார்.

நான் திரையைப் பார்த்தேன். மூன்றாம் பிரஸ்காரி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா, பொட்டு உன் நெத்திக்கு வந்துடுச்சிண்ணா."

அந்தக் கறுப்புப் புள்ளிதான் கண். சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று பார்க்கிற கண். அதன்மேல் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தால் எதிரே ஏதோ நிற்கிறது என்றுதானே அது சொல்லும்? சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எட்டும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. இந்தப் பக்கம் நெற்றியில் பொட்டும் கண்ணில் இருட்டுமாக இருந்தவன் நான் ஒருவன்தான்.

ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க ஒவ்வொன்றாக, டிங், டிங் என்று எட்டும் "தயார்" என்றன. அவள் ஒவ்வொன்றையும் துடைப்பதற்கு முன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சாமியிடம் மன்னிப்புக் கேட்பதைப் போல. போர்மேன் வெளியே ஆளனுப்பி எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வரவழைத்தார். "வேப்பஞ்சேலை எப்ப நைனா கட்டப் போற?" என்று கேட்டார். வேண்டுதலை நான் மேலேயிருந்து உரக்கவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

பிரஸ் ஓட்டுகிறவர்கள் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். எட்டுத் திரையிலும் "தயார்". ஹெட்மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார், எட்டும் சொல்லிக்கொண்டிருந்தன. நாங்கள் ஆர்டர் இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். போண்டா தீர்ந்தது. ஒருவர் கையுறையைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவரும் கழற்றினார்.

நான் போனை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால், தகட்டுத் துண்டுகளைக் கொட்டுகிற இடத்துக்குப் போனேன்.

"எட்டும் பச்சைங்க சார். என்னங்க சார் பண்ணீங்க?" என்றாள் அந்தப் பெண் சந்தோஷமாக.

"அத அப்பறம் சொல்றேன். ஆர்டர எறக்குமா."

"நான் எறக்கறதில்லைங்க சார். ஆர்டர் இருந்தா அதுவே எறங்கிருமுங்க."

"காலைல சிக்கல்ல இருந்தப்ப வந்து நின்னுச்சே, அது?"

அவள் யாருக்கும் கேட்காதபடி எங்கோ எழுந்து போகிற சத்தம் கேட்டது.

"எதுவும் வந்து நிக்கலைங்க சார். பூஜைக்கு முன்னாடியே உங்க ஷெட்டுக்குன்னு எதுவும் போடலைங்க. புது பார்ட்டெல்லாம் வேற பிளான்ட்டுக்குப் போயிருச்சுங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க சார்."

சொல்லவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்து நான் பட்ட பாடு, ஏணி, கேபிள், எலி, அம்மன், எல்லாம் ஒரு காலி வாசலுக்காக. ஆனால் எனக்கு வந்தது கோபம் இல்லை. அந்தக் காலை நேரத்தின் மேல் ஓர் ஏக்கம் வந்தது. கோளாறு எங்களிடம் இருந்தவரைக்கும் நான் ஓடியிருக்கலாம், ஏறியிருக்கலாம், ஊதியிருக்கலாம். கோளாறு என்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோளாறைச் சரிசெய்ய முடியும். எல்லாம் சரியாக இருந்து, கேட்க ஆள் இருந்து, சொல்ல ஆள் இருந்து, கொடுக்க ஒன்றும் இல்லையென்றால் எந்த ஸ்க்ரூவைத் திருப்புவது?

உள்ளே போனேன். எட்டு முகங்களும் போர்மேனும் என்னைப் பார்த்தார்கள். நெற்றியில் பாதிப் பொட்டோடு நான். வழக்கமாக வருகிற ஜோக்கு எதுவும் வரவில்லை. வராதபோதே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"இல்லியா?" என்றார் போர்மேன்.

"இல்ல."

"எப்பவும் இல்லியா, இப்ப இல்லியா?"

"எப்பவும்."

போர்மேன் நைனா என்று கூடச் சொல்லாமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாம் பிரஸ்காரி கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தாள். சந்தனமும் குங்குமமும் அதில் சகதியாக அப்பியிருந்தன.

"தொடைக்காம வுட்டிருக்கலாம்ணா" என்றாள். "இன்னும் ரெண்டு நாளு தேடிகினு இருந்திருப்ப. நாங்களும் நின்னுகினு இருந்திருப்போம்."

அதைச் சொன்னபோது அவள் குரலில் கேலி இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் மெதுவாக நடந்தன. மூடப் போவதாக முறையாகச் சொன்னார்கள். சொன்ன பிறகும் ஷெட்டுக்கு வரச் சொன்னார்கள், எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் கவரைப்பேட்டையில் ரயிலேறுவேன், அடுத்த ஸ்டேஷனில் இறங்குவேன், நடப்பேன், மெயினைப் போடுவேன். எட்டும் கண்ணை விழித்து "தயார்" என்று சொல்ல ஆரம்பிக்கும். பிரஸ்காரர்கள் நாஷ்டாவைப் பிரித்து உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிட்டு, மறுபடியும் மெதுவாகக் கை கழுவுவார்கள். வேலை இருந்த காலத்தில் "வேலையாக இருக்கிறேன்" என்றும், நடுவில் "பேப்பர் தீர்ந்துவிட்டது" என்றும் ஏதாவது மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பெட்டிகளிடம் இப்போது நாள் முழுக்க ஒரே பதில். தயார். தயார். தயார். ஹெட்மாஸ்டரின் திரையில் எங்கள் ஷெட்டைப் போலப் பச்சைப் பசேலென்று வேறு எதுவும் இருந்திருக்காது. வயல் மாதிரி இருக்கும் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருவர் வள்ளூர் பக்கம் பவர் பிளான்ட்டில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். ஒருவர் சித்தப்பா கடையில் உட்காரப் போனார். மூன்றாம் பிரஸ்காரி பல கேட்டுகளில் கேட்டுப் பார்த்தாள். "வயசு இன்னான்னு மொதல்ல கேக்கறாங்கண்ணா. கையப் பாக்க மாட்றாங்க" என்றாள். அவளுடைய ஆட்காட்டி விரல் நுனியில், வருடக்கணக்காகப் பட்டன் அழுத்தி ஒரு காய்ப்பு இருந்தது.

மதியம் போன் வரும்.

"இன்னாய்யா?"

"வேல."

"சாப்ட்டியா?"

"ஆச்சி."

டெர்மினலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கண்ணில் சந்தனத்தை அப்பினால்கூட, தெரிந்ததைத்தான் சொல்லும். அதைப் பார்த்துக்கொண்ட எனக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது? ஒவ்வொரு மதியமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். மறுநாள் அவள் "இன்னாய்யா" என்று கேட்டதும், அந்த "வேல" என் அனுமதி இல்லாமலே வெளியே வந்து விழும். பட்டன் அழுத்தினால் சீட்டு வருவதைப் போல.

கடைசி நாளன்று கோயம்புத்தூர்க் குரல் கூப்பிட்டது.

"சார், எட்டையும் நீங்களே கழட்டிரலாமுங்க. ஆனா சும்மா கரண்ட்ட நிறுத்திராதீங்க. நிறுத்தினா சிஸ்டம் கூப்பிட்டுட்டே இருக்குமுங்க. ஒவ்வொண்ணுலயும் பட்டன அழுத்தி, 'சேவையில் இல்லை'ன்னு அதையே ஒரு தடவ சொல்ல வெச்சிருங்க. அப்பறம் கூப்பிடாதுங்க."

"அதுவே சொல்லணுமா?"

"ஆமாங்க சார். நாம சொன்னா எடுத்துக்காதுங்க."

அன்றைக்கு ஷெட்டில் இருந்தது போர்மேன், மூன்றாம் பிரஸ்காரி, நான். அவள் தன் டிபன் பாக்ஸையும் பழைய கையுறைகளையும் எடுத்துப் போக வந்திருந்தாள். நான் எட்டிலிருந்து ஆரம்பித்தேன். அழுத்தியதும் திரை ஒரு நொடி யோசிக்கும். ஹெட்மாஸ்டர் கேட்கும் முறை வர வேண்டுமே. முறை வந்ததும் சொல்லிவிட்டு அணைந்துவிடும். எட்டு. ஏழு. ஆறு. ஐந்து. நான்கு. பிறகு மூன்றைத் தாண்டிப் போய் ஒன்றையும் இரண்டையும் முடித்துவிட்டு மூன்றுக்கு வந்தேன். அவள் அதன் பக்கத்திலேயே நின்றாள்.

"இன்னா சொல்ல சொல்ற அத?"

"சேவையில் இல்லன்னு."

"ஏன்? அதுக்கு இன்னா? நல்லாத்தான கீது." திரையைக் காட்டினாள். "பாரு, தயார்னு சொல்லிகினு கீது."

நான் போர்மேனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார், நான் எலி தேடிய கூரையை.

"ஒழுங்கா கீறத ஒழுங்கா இல்லன்னு சொல்ல வைக்கிறியேண்ணா" என்றாள். சண்டை பிடிக்கிற குரல் இல்லை. பிறகு அவளே கையை நீட்டினாள். "எந்தப் பட்டன்?"

காட்டினேன். காய்ப்பு விழுந்த அந்த விரலால் அழுத்தினாள். திரை ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு இருண்டது. கறுப்புக் கண்ணின் ஓரத்தில், துணி எட்டாத இடுக்கில், கொஞ்சம் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. அவள் அதை நகத்தால் சுரண்டி எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வர்றேண்ணா, வர்றேன் நைனா" என்று சொல்லிவிட்டுப் போனாள். போர்மேனை அவள் நைனா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கம்ப்ரஸர் ஓடாத, பிரஸ் அடிக்காத, டிங் சத்தம் கூட இல்லாத ஷெட்டில் நான் அதே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். என் பாக்கெட்டில் போன் அடித்தது. மதியம்.

"இன்னாய்யா?"

வாய் தானாகத் திறந்தது. "வேல" என்ற சொல் வரவில்லை. அதற்குப் பதிலாக வர வேண்டியதும் வரவில்லை.

"இன்னாய்யா, கேக்குதா?"

எங்கள் வீட்டுக் குக்கர் சத்தம் போனில் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டிப் போகிற சத்தமும் கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டால் என்னையும் சிவப்பு அடித்துவிடுவாள் என்று ஒரு ஜோக்கு தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது, எடுக்க ஆளில்லாத சீட்டு மாதிரி.

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. குக்கரை அணைக்கும் சத்தம் கேட்டது.

"காக்களூரா?" என்றாள்.

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"பூசைலேர்ந்து."

போர்மேன் ஷெட்டின் அந்தக் கோடியில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார். வெளிச்சம் என் பக்கமாகக் குறைந்துகொண்டே வந்தது.

"சாப்ட்டியா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.